ஆலை வாசலில் வைத்த நன்றி

சிரிக்காதீங்க சார். அந்தப் பேனரப் பாத்துத்தான சிரிச்சீங்க? நானும் பாத்தேன். ஒரு காதுகுத்துக்கு நாப்பது மூஞ்சி. உங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். யாரு மூஞ்சி மேல இருக்கு, யாருது கீழ இருக்கு, எவன் கும்பிடுறான், எவன் போன்ல பேசுற மாதிரி நிக்கிறான், ஒண்ணொண்ணுக்கும் உள்ளுக்குள்ள வெட்டுக்குத்து நடந்திருக்கும். எனக்குத் தெரியும். அப்படி ஒரு பேனராலதான் நான் இன்னிக்கு இந்த பஸ்ல உக்காந்திருக்கேன்.

கோர்ட்டுக்குப் போறேன் சார். திருச்சிக்கு. நீங்களும் திருச்சிதானா? நல்லதாப் போச்சு. ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்குங்க, புழுதி வருது.

இன்னிக்கு என் கேஸு. வாய்தா வாய்தான்னு அலைஞ்சு அலைஞ்சு இன்னிக்குத்தான் நான் கூண்டேறி வாயத் திறக்குற நாளு. திறக்கப் போறேன். எல்லாத்தையும் சொல்லப் போறேன். அறவாழின்னு ஒருத்தன், கேள்விப்பட்டிருப்பீங்க, போன ஆட்சியில மந்திரியா இருந்தானே, அவனப் பத்தித்தான். ஆமா, 'அவன்'தான். முப்பது வருஷம் அண்ணன் அண்ணன்னு கூப்பிட்ட வாயி இது. இனிமே அவன்தான். எனக்கென்ன பயம்?

என் பேரு தனவேல். கல்லங்காடு பேரூர்ச் செயலாளர். இப்ப முன்னாள். பந்தல் வாடகைக் கடை வச்சிருக்கேன். ஷாமியானா, நாற்காலி, மைக்செட், எல்லாம் உண்டு. கட்சியில யாரும் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'பேரூர் வந்துட்டாரா', 'பேரூருக்கு ஒரு டீ சொல்லு', அப்படித்தான். எங்க பழக்கம் அது. ஒன்றியச் செயலாளர் வந்தா 'ஒன்றியம் வருது'ம்பாங்க. மாவட்டச் செயலாளர் வந்தா 'மாவட்டம் வருது, எந்திரி'ம்பாங்க. ஒரு ஊரே நடந்து வர்ற மாதிரி இருக்கும். அறவாழிதான் எங்க மாவட்டம். அவன் முதமுத எலெக்‌ஷன்ல நின்னப்ப சுவத்துல சுண்ணாம்படிச்சவன் நான். என் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடுத்தது அவன். அதனாலதான் சொல்றேன், இது வெறும் கோவம் இல்ல. வயிறு எரியுது சார்.

எங்க ஊருக்குப் பக்கத்துல சிமெண்ட் ஆலை இருக்கு. மாணிக்கவேல் சிமெண்ட்ஸ். சுண்ணாம்புக்கல்லு தோண்டித் தோண்டி எங்க பெரியேரிக்கு அந்தாண்ட ஒரு பெரும்பள்ளமே போட்டு வச்சிருக்காங்க. அவங்களுக்குச் சுரங்கத்த ஏரிக்கரை வரைக்கும் நீட்டணும். நீட்டணும்னா கவர்மெண்டு கையெழுத்து வேணும். கையெழுத்து வேணும்னா கையெழுத்துப் போடுற ஆளு ஜெயிக்கணும். இதுல ஒண்ணும் புதுசு இல்ல. எலெக்‌ஷனுக்கு ஆலை குடுக்கும், கட்சி வாங்கும். எந்த ஊர்ல இல்ல? இதப் போய் லஞ்சம்ங்கிறாங்க. தேர்தல் நிதி சார் அது. எனக்கு இப்பவும் அது லஞ்சமாத் தெரியல.

அந்த எலெக்‌ஷன்ல பறக்கும் படைக்காரங்க மூலைக்கு மூலை நின்னாங்க. மந்திரி காரையே நிறுத்தி டிக்கியத் திறக்கச் சொல்றாங்க. அறவாழி என்னக் கூப்பிட்டான். 'பேரூரு, உன் வண்டிய எடுத்துக்கிட்டு ஆலை கெஸ்ட் ஹவுசுக்குப் போ'ன்னான். போனேன். அங்க சுதர்சன்னு ஒருத்தன், ஆலையில மக்கள் தொடர்பு அதிகாரி, கண்ணாடியும் அத்தருமா இருப்பான். சாக்குல பணத்தப் போட்டு வாயத் தச்சு வச்சிருந்தான். சிமெண்ட் சாக்குதான். வண்டியில ஏத்தி மேல ஷாமியானா துணியப் போட்டேன், அதுக்கு மேல நாற்காலி. ஆலை ரோட்டுல ஒரு தாசில்தார் நிறுத்துனாரு. என்ன லோடுன்னாரு. கல்யாணப் பந்தல் சார்னேன். பந்தல்காரனச் சோதனை போட்டு எவன் பேரு வாங்கப் போறான்? போகச் சொல்லிட்டாரு. மாவட்டம் வீட்டுக் கொல்லையில கொண்டு போய் எறக்குனேன். வீட்டம்மா மோர் குடுத்துச்சு, குடிச்சிட்டு வந்துட்டேன். ஒரு ரூபா தொடல சார். என் பிள்ளை மேல சத்தியமா தொடல.

ஜெயிச்சான். ஜெயிச்சதோட மந்திரியும் ஆனான். நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டோம். மேடை என்னுது, மைக்கு என்னுது, நாற்காலி என்னுது, வாடகை கிடையாது. அறவாழி எந்திரிச்சுப் பேசுனான். தலைமைக்கு நன்றி. கூட்டணிக்கு நன்றி. தாய்மார்களுக்கு நன்றி. பூத்துல வேலை பாத்த ஒன்றியத்துக்கு நன்றி. ஒன்றியத்தப் பக்கத்துல கூப்பிட்டு நிறுத்தித் தோள்ல கை போட்டான். டீ போட்டவனுக்குக்கூட நன்றி சொன்னான் சார். நான் மேடையில மூணாவது வரிசை. என் கடை நாற்காலி, அதுல எனக்கு மூணாவது வரிசை. கழுத்த நீட்டி நீட்டிப் பாக்குறேன். என் பேரு வரவே இல்ல.

வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. தையல்நாயகி, என் சம்சாரம், 'விடுங்க, மறந்திருப்பாங்க'ன்னுச்சு. மறந்தானாம். அந்தச் சாக்கு வரலைன்னா அவன் ஜெயிச்சிருப்பானா? யாரு கொண்டாந்தது? ஒன்றியமா கொண்டாந்துச்சு? சரி, என்ன விடுங்க. குடுத்தாரே, ஆலை முதலாளி மாணிக்கவேல், அவருக்காவது ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? ஒரு மேடையிலயும் சொல்லல. கை நீட்டி வாங்குறோம், குடுத்த மனுஷனுக்கு நன்றி சொல்ல மாட்டோம்னா நாம என்ன மனுஷங்க? நான் அப்படி வளந்தவன் இல்ல சார்.

அதுக்குத்தான் அந்தப் பேனர் வச்சேன். ஆலை வாசல்லயே வச்சேன், லாரியெல்லாம் வரிசையில நிக்குமே அங்க. இருபதடி. நடுவுல மாணிக்கவேல் ஐயா கோட்டுப் போட்டு நிக்கிறாரு, பக்கத்துல அறவாழி கும்பிடுறான், இந்தப் பக்கம் நான். எழுத்தெல்லாம் நானே சொல்லி அடிச்சது. 'தேர்தல் நிதியாக ஒரு கோடி வாரி வழங்கி வெற்றிக்கு வித்திட்ட வள்ளலே, நன்றி, நன்றி.' கீழ, 'இவண், நிதியைப் பெற்றுத் தந்த கோ. தனவேல், பேரூர்ச் செயலாளர்.' என் பேரப் போட்டேன்தான். பேரு போடாம எவன் சார் பேனர் வைப்பான்? கல்யாண வீட்டுல மொய் எழுதுனா மைக்குல சொல்றமா இல்லையா? அந்த மாதிரிதான்.

அன்னிக்கு மத்தியானமே சுதர்சன் போன் பண்ணுனான். குரல் நடுங்குது. 'தனவேல், ப்ளீஸ், அதக் கழட்டிடுங்க, எம்.டி. ரொம்பச் சங்கடப்படுறாரு'ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பாருங்க, எவ்வளவு பெரிய மனுஷன், இம்புட்டு குடுத்துட்டு வெளிய தெரியக் கூடாதுங்கிறாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு தன்னடக்கமான்னு நினைச்சேன். 'அதெல்லாம் கழட்ட முடியாது சார், ஐயாகிட்ட சொல்லுங்க, இது ஊரோட நன்றி'ன்னு சொல்லிட்டு, சாயங்காலம் போய் ரெண்டு போகஸ் லைட்டு கட்டிட்டு வந்தேன்.

இப்பத்தான் நீங்க சிரிக்கணும். சிரிங்க, பரவால்ல. ஊரே சிரிச்சிடுச்சு.

மறுநாள் அறவாழியே லைன்ல வந்தான். அவன் திட்டுன திட்டு உங்ககிட்டச் சொல்ற மாதிரி இல்ல. ஓடிப் போய்க் கழட்டுனேன். அதுக்குள்ள ஒருத்தன் போட்டோ எடுத்துட்டான். எவனோ எடுத்திருந்தா எனக்கு மனசு ஆறிடும் சார். எடுத்தது யாரு தெரியுமா? வைத்திலிங்கம். என் கூடப் பொறந்த தங்கச்சி சௌந்தரத்தோட புருஷன். என் மச்சான்.

அவனுக்கு ஏரிக்குக் கீழ மூணு ஏக்கரு. கிணத்துப் பாசனம். ஏற்கனவே 'சுரங்கம் கிட்ட வருது, ஊத்து குறையுது'ன்னு கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்துக்கிட்டிருந்தான். அறவாழி மந்திரியாகி முதக் கையெழுத்தே ஏரிக்கரை வரைக்கும் தோண்டிக்கலாம்னு போட்டான். அந்தக் கோடையில கிணறு சுத்தமா வத்திடுச்சு. சரி, வத்துனது வத்துனதுதான், அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? சும்மாவும் இருக்கல. சுதர்சன்கிட்டப் பேசி லாரித் தண்ணி அனுப்ப வச்சேன். ரெண்டு வாரம் அனுப்புனான், அப்புறம் நிறுத்திட்டான். அது வேற விஷயம். கிணறு வத்துனா நேரா என்கிட்ட வந்து சண்டை போடு. மாமன் மச்சான் சண்டை, பேசித் தீத்துக்கலாம். போட்டோவ எடுத்துக்கிட்டு லஞ்ச ஒழிப்புக்குப் போவாங்களா சார்? குடும்பத்துல இருந்துக்கிட்டே செய்யிற வேலையா அது?

ஹைகோர்ட்டு வரைக்கும் போய் விசாரணைக்கு உத்தரவு வாங்கிட்டான். அதுக்குள்ள ஆட்சி மாறிப் போச்சு. புதுசா வந்தவங்களுக்கு லட்டு மாதிரி ஒரு கேஸு. விடுவாங்களா? முதல் எதிரி அறவாழி, ரெண்டாவது எதிரி சுதர்சன், மூணாவது எதிரி நான். கோர்ட்டுல குற்றஞ்சாட்டப்பட்டவன எதிரின்னுதான் எழுதுறாங்க. அதுலயும் பாருங்க, எனக்கு மூணாவதுதான்.

உள்ள வச்சாங்க. அறவாழிக்கு ஜெயில் வாசலயே பாக்காம நெஞ்சு வலி வந்துடுச்சு. ஏசி ரூம்ல படுத்துக்கிட்டான். ஒன்றியம் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கிட்டு அங்க போய் நிக்கிது. எனக்கு நிஜமாவே சர்க்கரை. மாத்திரை வாங்கிக் குடுக்கக்கூட கட்சியில இருந்து ஒரு ஈ காக்கா வரல. தையல்நாயகிதான் வந்து வந்து போச்சு. அப்புறம்... என் தங்கச்சி வந்துச்சு. அது புருஷனால உள்ள போனேன், அதுவே பிஸ்கட்டு வாங்கிக்கிட்டு வந்து கம்பிக்கு அந்தாண்ட நின்னு அழுவுது. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

கேஸு நடத்த ஒரு வக்கீலம்மாவப் போட்டாங்க. பிரமிளான்னு பேரு. அரசாங்கத்துக்கு விசேஷ வக்கீல். ஒல்லியா இருக்கும், சத்தமே போடாது, ஆனா ஆள உத்துப் பாத்துக் கேக்கும். ஜாமீன்ல வந்ததும் என்னக் கூப்பிட்டுச்சு. போலீஸ்காரரும் இருந்தாரு. உக்காரச் சொன்னாங்க, காபி குடுத்தாங்க. அந்தம்மா சொல்லுச்சு, 'தனவேல், இதுல நீங்க ரொம்பச் சின்ன ஆளு. பணம் உங்க வண்டியில வந்துச்சு, அவ்வளவுதான். நடந்தத கோர்ட்டுல அப்படியே சொல்லுங்க. அப்ரூவரா எடுத்துக்கிட்டு மன்னிப்புக்கு நான் மனு போடுறேன். வீட்டுக்குப் போயிடலாம்.'

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. சின்ன ஆளாம். முப்பது வருஷமா கட்சிக்காக உழைச்சவன், என் பேரு போட்டு இருபதடிக்குப் பேனர் வச்சவன், வேலை வெட்டி இல்லாத ஒரு டிரைவருப் பய மாதிரி என்ன வச்சுப் பேசுது. காபிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சேன். 'அம்மா, கல்லங்காட்டுல வந்து கேட்டுப் பாருங்க, நான் சின்ன ஆளா பெரிய ஆளான்னு. என் அண்ணனக் காட்டிக் குடுத்து மன்னிப்பு வாங்குற பொழப்பு எனக்கு வேணாம்'னேன். அந்தம்மா கோவப்படல. 'யோசிச்சுப் பாருங்க'ன்னு மட்டும் சொல்லுச்சு.

அறவாழி காதுக்கு இது போயிருக்கு. சந்தோசம் தாங்கல அவனுக்கு. வீட்டுக்குக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சு, 'தனவேலு, நீதான்யா எனக்குத் தம்பி'ன்னான். அவன் வக்கீலு ஒரு வாக்குமூலம் தயாரா வச்சிருந்தாரு. படிச்சுக் காமிச்சாரு. 'மேற்படி நிதியைத் திரட்டும் பொறுப்பு முழுவதும் என்னையே சார்ந்தது. என் சொந்த செல்வாக்கைப் பயன்படுத்தி நானே பேசி நானே பெற்றேன். மாவட்டச் செயலாளருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.' உண்மையச் சொல்றேன் சார், கேக்க நல்லா இருந்துச்சு. சொந்த செல்வாக்குன்னு போட்டிருந்தாங்க. சந்தோசமா கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டுலயும் குடுத்தாச்சு.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அறவாழி துண்ட மாத்திட்டான்.

ஆமா. ஒரு நாள் காலையில டிவியப் போட்டா, எவன் இவன் மேல கேஸு போட்டானோ அவன் கட்சி ஆபீசுலயே போய் நிக்கிறான். சால்வை போடுறாங்க, சிரிக்கிறான். சொல்லிட்டாவது போனானா? ஒரு போனு? ஒன்றியத்தக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். வட்டம், கிளை, மகளிரணி எல்லாம் வேன்ல போயிருக்கு. என் கடை நாற்காலி ஐநூறு அவன் வீட்டுல கெடக்கு, அதையாவது எடுத்துக்கச் சொன்னானா? எங்க பழைய கட்சிக்காரங்க இருக்காங்களே, அவங்க அன்னிக்கே கட்சிப் பேப்பர்ல போட்டாங்க. 'கட்சிக்குக் களங்கம் விளைவித்த தனவேல் அடிப்படை உறுப்பினர் பொறுப்பில் இருந்தும் நீக்கம்.' கட்சி மாறுனது அவன், நீக்குனது என்னைய. இந்தக் கட்சியிலயும் இல்ல, அந்தக் கட்சியிலயும் இல்ல. டீக்கடையில பேரூருன்னு கூப்பிட்டவன் இப்ப 'யோவ் பந்தலு'ங்கிறான்.

அடுத்து பிரமிளா அம்மாவ மாத்துனாங்க. புதுசா வந்த வக்கீலு எந்திரிச்சு நின்னு சொல்றாரு, முதல் எதிரி மேல ஆதாரமே இல்லையாம். ஏன்னு கேளுங்க. மூணாவது எதிரியே எழுதிக் குடுத்திருக்காராம், எல்லாம் நானேதான்னு. நான் போட்ட கையெழுத்தக் காமிச்சே அறவாழிய விடுதலை பண்ணுறாங்க சார். அவன் படி எறங்கிப் போறான். நான் நிக்கிற பக்கம் திரும்பக்கூட இல்ல.

இன்னும் கேளுங்க. சுதர்சனையும் விட்டுட்டாங்க. ஆலை என்ன சொல்லுச்சு தெரியுமா? நாங்க தேர்தலுக்கெல்லாம் பணம் குடுக்கவே இல்லைங்கிறான். பெரியேரியத் தூர் வாரணும்னு இந்தத் தனவேல் வந்து கேட்டாரு, பொதுக் காரியமாச்சேன்னு குடுத்தோம், அவரு எங்கள ஏமாத்தி முழுங்கிட்டாருங்கிறான். தூர் வார. பெரியேரிய. அந்த ஏரியோட கரையையே வெடி வச்சுத் தின்னுட்டு, அதத் தூர் வாரக் குடுத்தானாம் காசு. இப்ப ஆலை பாதிக்கப்பட்டவன், அறவாழி நிரபராதி, நான் திருடன். நீங்களே சொல்லுங்க, என் மூஞ்சியப் பாத்தா ஒரு கோடி முழுங்குன மூஞ்சியாத் தெரியுதா? வேட்டியப் பாருங்க.

போன வாய்தாவுக்கு வந்தப்ப வராண்டாவுல பிரமிளா அம்மா நின்னுச்சு. இப்ப அது வைத்திலிங்கத்துக்கு வக்கீலு. காசு வாங்காமத்தான் நடத்துதாம். என்னப் பாத்து, 'அன்னிக்கு நான் உங்கள சின்ன ஆளுன்னேன், கோவிச்சுக்கிட்டீங்க. இப்ப உங்களையே பெரிய ஆளாக்கிட்டாங்க பாத்தீங்களா?'ன்னுச்சு. குத்தலாச் சொல்லல, வருத்தமாத்தான் சொல்லுச்சு.

நேத்து தங்கச்சியும் மச்சானும் வீட்டுக்கு வந்தாங்க. படியேறி வந்து எத்தனை காலம் ஆச்சு. வைத்திலிங்கம் நேரா விஷயத்துக்கு வந்துட்டான். 'மாமா, நாளைக்கு உங்க பக்கச் சாட்சியா நீங்களே கூண்டேறுங்க. சத்தியம் பண்ணி நடந்தது நடந்தபடி சொல்லுங்க. சாக்கு எங்க ஏத்துனது, எங்க எறக்குனது, யாரு சொன்னது. அது போதும், அத வச்சு அறவாழியையும் ஆலையையும் திரும்பக் கூண்டுல ஏத்த மனு போடலாம்னு வக்கீலம்மா சொல்றாங்க. சுரங்க அனுமதியையும் நிறுத்தலாம். நீங்க சொல்லலைன்னா எல்லாம் நாளையோட முடிஞ்சுது. உங்களுக்கும் ஜெயிலு, எங்களுக்கும் நிலம் போச்சு.' சரின்னேன். சௌந்தரம் என் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

அதான் போறேன். அவங்க முன்னாடியே போயிட்டாங்க, கோர்ட்டு வாசல்ல நிப்பாங்க. ஒண்ணு விடாமச் சொல்லப் போறேன். கெஸ்ட் ஹவுசு, சாக்கு, தாசில்தாரு, கொல்லை, மோர் குடுத்த வீட்டம்மா வரைக்கும். அறவாழி மூஞ்சி அப்ப எப்படி இருக்கும்னு பாக்கணும். முப்பது வருஷம் சார். ஒரு நாயி வளத்தாக்கூட வீடு மாறிப் போறப்ப அதக் கூட்டிக்கிட்டுப் போவான். என்னைய...

இருங்க, போன் அடிக்கிது. புது நம்பரா இருக்கு. அவங்களாத்தான் இருக்கும்.

ஹலோ. ஆமா, தனவேல்தான். யாரு... அண்ணே. அண்ணே, வணக்கம்ணே. பஸ்ல வர்றேண்ணே. சொல்லுங்கண்ணே. இல்லண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே. சாப்பிட்டேண்ணே, இட்லி. மாத்திரை போட்டேண்ணே. அண்ணி நல்லா இருக்காங்களா? ஆமாண்ணே. சரிண்ணே. எனக்குத் தெரியாதாண்ணே. அவங்க சொன்னாங்கதான், நான் ஒண்ணும் பதில் சொல்லலண்ணே. சரிண்ணே. ஐயோ, நீங்க எதுக்குண்ணே அதெல்லாம். வச்சிடுறேண்ணே.

அண்ணன் சார். அவரேதான் பேசுனாரு. பிஏ இல்ல, அவரே.

ஏன் எந்திரிச்சேனா? அண்ணன் பேசுறப்ப உக்காந்துக்கிட்டாப் பேசுவாங்க? உங்க மேல இடிச்சிட்டேனா, மன்னிச்சுக்குங்க.

சாப்பிட்டியா தனவேலுன்னாரு. முதக் கேள்வியே அதுதான் சார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டியான்னு கேட்டாரு. எனக்குச் சர்க்கரைன்னு ஞாபகம் வச்சிருக்காரு பாருங்க. எத்தனை வேலை இருக்கும் அவருக்கு. சூழ்நிலை தனவேலு, உன்னக் கூப்பிட முடியாத சூழ்நிலைன்னாரு. நான் ஏதேதோ நினைச்சிட்டேன், என்ன ஏதுன்னு தெரியாம. முன்னாடி எழுதிக் குடுத்ததையே இன்னிக்கு ஒரு தடவை சொல்லிடு, மத்தத நான் பாத்துக்கிறேன்னாரு. தண்டனை குடுத்தாலும் மேல போனா நிக்காதாம், அப்பீல்ல உடைச்சிடலாமாம், அவரே பெரிய வக்கீல வைக்கிறாராம். ரெண்டு மாசமோ மூணு மாசமோ. வெளிய வந்ததும் அந்தக் கட்சியில நான்தான் கல்லங்காடு பேரூராம். பேசி வச்சிட்டாராம். ஒன்றியத்துக்கே இன்னும் தெரியாதாம், என்கிட்டத்தான் முதல்ல சொல்றாராம்.

முப்பது வருஷம் சார். விட்டுப் போயிடுமா?

ஒரு நிமிஷம், தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுறேன், பாவம் வெயில்ல நிப்பாங்க.

ஹலோ, சௌந்தரம். அண்ணன்தான். நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க, வக்கீலம்மாவையும் போகச் சொல்லிடு. இல்லம்மா, வேற ஏற்பாடு ஆயிடுச்சு. இப்பத்தான் அறவாழி அண்ணன் பேசுனாரு. ஆமா, அவரே. சாப்பிட்டியான்னு கேட்டாரும்மா. எவ்வளவு பெரிய மனுஷன், அவருக்கு என்ன தலையெழுத்து... என்ன? கேக்கல, சத்தமாச் சொல்லு. சௌந்தரம்? ஹலோ?

வச்சிட்டா.

என்ன சொன்னான்னா... 'கிணறு வத்தி ஏழு கோடை ஆச்சு, நாங்க சாப்பிட்டமான்னு ஒரு நாளாவது நீ கேட்டியாண்ணே'ங்கிறா. சம்பந்தம் இருக்கா சார்? நான் என்ன பேசுறேன், அவ என்ன பேசுறா.

அரசியல் புரியாது அவளுக்கு. கொஞ்சம் காலத் தள்ளி வச்சுக்குங்க, கோர்ட்டு ஸ்டாப்பு வந்துடுச்சு. எறங்கிக்கிறேன்.